வலிக்காத கட்டி: லிம்போமாவைக் கண்டறிவதும் குணப்படுத்துவதும்

ஓமந்தையில் இருக்கும் என் மாமாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சிறுபோக நெல் அறுவடை முடிந்த கையோடு, சவரம் செய்யும்போது அவரது கையில் அது தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வலிக்காத ஒன்றுக்காக வேலையை விட்டுவிட்டு வவுனியாவுக்குப் போக வேண்டுமா என்று இரண்டு மாதம் விட்டுவிட்டார். பிறகு தனியார் டிஸ்பென்சரி ஒன்றில் ஒரு கிழமைக்கு மருந்து கொடுத்தார்கள். கட்டி குறையவில்லை. இன்னொரு கிழமைக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். அதன் பின் ஊசியால் குத்தி எடுத்த பரிசோதனையில் காசநோயாக இருக்கலாம் என்று சொல்லப்பட்டு, அதற்கான மாத்திரைகள் தொடங்கின. மூன்று மாதமாகியும் கட்டி கரையவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு வந்தன. இரவில் சட்டை நனையுமளவுக்கு வியர்க்கத் தொடங்கியது.

கடைசியில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் ஒரு கட்டியை முழுதாக வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த பெயர் லிம்போமா. கட்டியைக் கண்ட நாளிலிருந்து அந்தப் பெயர் தெரியவர ஏழு மாதம் போயிருந்தது. மாமா இன்று சுகமாக இருக்கிறார். வயலுக்குப் போகிறார். ஆனால் அந்த ஏழு மாதத்தில் நோய் கழுத்திலிருந்து வயிறு வரை இறங்கியிருந்தது.

இக்கட்டுரை அந்த ஏழு மாதத்தைப் பற்றியது. லிம்போமா பெரும்பாலும் சிகிச்சைக்கு இணங்கும் புற்றுநோய். பலருக்கு முற்றாகக் குணமாகும் புற்றுநோயும்கூட. எங்கள் ஊர்களில் அது கைமீறிப் போவதற்கு மருந்து இல்லாதது மட்டும் காரணமல்ல, சரியான பெயர் சரியான நேரத்தில் கிடைக்காததும் ஒரு காரணம்.

நெறி கட்டும் இடத்தில் என்ன இருக்கிறது?

காலில் முள் குத்திப் புண்ணானால் அரையில் நெறி கட்டும். தொண்டை நோவு வந்தால் தாடையின் கீழ் நெறி கட்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. அங்கே வீங்குவது நிணநீர்க்கணு. உடல் முழுவதும் இத்தகைய கணுக்கள் பல நூறு இருக்கின்றன. கழுத்து, கமக்கட்டு, அரை ஆகிய இடங்களில் அவை கைக்குத் தட்டுப்படும். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இருப்பவை தட்டுப்படா.

இக்கணுக்களை இணைத்து மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் ஓடும் தெளிந்த நீர்தான் நிணநீர். கணுக்களுக்குள் இருக்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள் கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்க்கின்றன. இவை நிணநீர்க் கலங்கள் எனப்படும். இவற்றில் பி கலம், ரி கலம் என இரண்டு முக்கிய வகைகள் உண்டு. மண்ணீரல், தொண்டையின் ரொன்சில், என்பு மச்சை ஆகியனவும் இதே தொகுதியைச் சேர்ந்தவை.

கிருமி வந்தால் இக்கலங்கள் பெருகும், கணு வீங்கும், வலிக்கும். கிருமி ஒழிந்ததும் இரண்டு மூன்று கிழமைகளில் வீக்கம் வற்றிவிடும். லிம்போமாவில் ஒரு நிணநீர்க் கலத்தின் மரபணுவில் ஏற்பட்ட பிழையால் அது நிறுத்தமின்றிப் பெருகத் தொடங்குகிறது. எதிர்க்கக் கிருமி எதுவும் இல்லை, ஆனால் பெருக்கம் நிற்பதில்லை. அழற்சி இல்லாததால் வலியும் இல்லை. வலிக்கவில்லை என்பது எங்கள் ஆட்களுக்கு ஆறுதல் தரும் செய்தி. கழுத்துக் கட்டியைப் பொறுத்தவரை அது ஆறுதலுக்குரியதல்ல.

ஒரு பெயர், பல நோய்கள்

1832ஆம் ஆண்டு லண்டன் கைஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய தோமஸ் ஹொட்ஜ்கின் என்ற வைத்தியர், கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த சில நோயாளரைப் பற்றி எழுதினார். பின்னர் அந்த நோய்க்கு அவரது பெயரே வைக்கப்பட்டது. இன்று லிம்போமாக்கள் இரண்டு பெரும் பிரிவுகளாகப் பார்க்கப்படுகின்றன. ஒன்று ஹொட்ஜ்கின் லிம்போமா, மற்றையது ஹொட்ஜ்கின் அல்லாத லிம்போமா.

ஹொட்ஜ்கின் லிம்போமா இளம் வயதினரில், குறிப்பாக இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் அதிகம் காணப்படுகிறது. பின்னர் 55 வயதுக்கு மேல் மீண்டும் கூடுகிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஆந்தையின் இரு கண்கள் போன்ற கருக்களைக் கொண்ட பெரிய கலங்கள் தெரியும். அவற்றுக்கு ரீட்-ஸ்ரேன்பேர்க் கலங்கள் என்று பெயர்.

ஹொட்ஜ்கின் அல்லாத லிம்போமா ஒரு தனி நோயல்ல. அதற்குள் பல பத்து உபவகைகள் உண்டு. அதிகம் காணப்படுவது பி கலங்களிலிருந்து வரும் பரந்த பெருங்கல லிம்போமா. இது மாதக்கணக்கில் வேகமாக வளரும். மாமாவுக்கு வந்தது இதுதான். பொலிக்கியூலர் லிம்போமா ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரும். சிறுவர்களைத் தாக்கும் பேர்க்கிற் லிம்போமா நாட்கணக்கில் பெருகும். இதை 1958இல் உகண்டாவில் பணியாற்றிய சத்திரசிகிச்சை வைத்தியர் டெனிஸ் பேர்க்கிற் விவரித்தார்.

2020ஆம் ஆண்டு உலகில் ஏறத்தாழ 544,000 பேருக்கு ஹொட்ஜ்கின் அல்லாத லிம்போமாவும், 83,000 பேருக்கு ஹொட்ஜ்கின் லிம்போமாவும் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் மதிப்பிட்டது. எனவே இது அபூர்வ நோயல்ல.

இந்தப் பிரிவுகளை நோயாளர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். உபவகைக்கு ஏற்ப மருந்து மாறும். "லிம்போமா" என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்து யாரும் சிகிச்சை தொடங்க முடியாது.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

கழுத்துக் கட்டிகளில் மிகப் பெரும்பான்மை புற்றுநோய் அல்ல. பிள்ளைகளுக்கு வருபவற்றில் அநேகமானவை தொண்டை, பல், தலைப்பேன் புண் ஆகியவற்றால் வருபவை. பயப்படத் தேவையில்லை, ஆனால் கீழ்க்காணும் அடையாளங்கள் இருந்தால் காத்திருக்கக் கூடாது:

- நான்கு கிழமைக்கு மேலாகியும் வற்றாத, அல்லது வளர்ந்துகொண்டே போகும் கட்டி
- வலி இல்லாமல், இறப்பர் போல் சற்று இறுக்கமாக இருக்கும் கட்டி
- காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் வரும் எந்தக் கட்டியும்
- ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே காலத்தில் வரும் கட்டிகள்
- காரணம் தெரியாத தொடர் இருமல், மூச்சுத்திணறல், முகம் வீங்குதல் (நெஞ்சுக்குள் இருக்கும் கணுக்கள் பெருத்தால் இவை வரும்)

இவற்றோடு வைத்தியர்கள் குறிப்பாகக் கேட்கும் மூன்று அறிகுறிகள் உண்டு. முதலாவது 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட, காரணம் தெரியாத காய்ச்சல். இரண்டாவது இரவு வியர்வை. வன்னி வெயிலுக்கு வியர்ப்பது எல்லோருக்கும் வழக்கம்தான். இங்கே சொல்வது சட்டையையும் படுக்கை விரிப்பையும் மாற்ற வேண்டிய அளவு வியர்வை. மூன்றாவது ஆறு மாதத்துக்குள் உடல் நிறையில் பத்திலொரு பங்குக்கு மேல் குறைதல். 60 கிலோ இருந்தவர் தானாக 54க்கு இறங்கினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சிலருக்கு உடல் முழுக்கக் கடியும் இருக்கும்.

காசநோயா, லிம்போமா?

எங்கள் பகுதியில் இதுதான் மிகப் பெரிய குழப்பம். காசநோய் என்றால் நுரையீரல் நோய் என்றே நினைக்கிறோம். ஆனால் அது கழுத்துக் கணுக்களிலும் வரும். அங்கேயும் வலியற்ற கட்டி, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, நிறை குறைதல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நோய் போலத் தெரியும். காசநோய் இலங்கையில் இன்னும் இருக்கிறது, முழுமையாகக் குணப்படுத்தக் கூடியது, மருந்து இலவசம். எனவே வைத்தியர் முதலில் அதைச் சந்தேகிப்பதில் பிழை இல்லை.

உறுதிப்படுத்தாமல் மருந்தைத் தொடங்கிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் பிழை. காசநோய் மருந்து தொடங்கிய ஆரம்பத்தில் கட்டி சற்றுப் பெருப்பதும் உண்டு. அதனால் "பொறுத்துப் பாருங்கள்" என்பதற்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும். மாமாவுக்கும் அப்படித்தான் நாட்கள் போயின.

ஊசியால் குத்தி உறிஞ்சி எடுக்கும் பரிசோதனை எளிது, விரைவானது, காயமில்லை. அதில் காசநோய்க் கிருமி தெரிந்தால் பிரச்சினை முடிந்தது. ஆனால் லிம்போமாவை உறுதிப்படுத்தவோ, இல்லை என்று தள்ளவோ அது பெரும்பாலும் போதாது. ஊசிக்குள் வருவது சிதறிய சில கலங்கள். லிம்போமாவின் வகையை அறிய, கலங்கள் கணுவுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டின் நான்கு கல்லைக் காட்டி வீட்டின் வரைபடத்தைக் கேட்பது போன்றது அது.

இரண்டு நோயையும் ஒரே நாளில் தேடலாம். கணுவை வெட்டி எடுக்கும்போது ஒரு பகுதியைப் போமலினில் போட்டு இழைய ஆய்வுக்கு அனுப்புவார்கள். போமலின் கிருமியைக் கொன்றுவிடும் என்பதால், இன்னொரு பகுதியைச் சேலைனில் போட்டுக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முழுவதையும் போமலினில் போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புப் பரிசோதனை செய்ய முடியாது. சத்திரசிகிச்சைக்கு முன் "காசநோய்க்கும் சேர்த்து அனுப்புவீர்களா?" என்று கேட்பது நோயாளரின் உரிமை. கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வீக்கம் குறைய என்று சில இடங்களில் பிரெட்னிசொலோன், டெக்சமெதசோன் போன்ற ஸ்ரீரொயிட் மாத்திரைகளைக் கொடுப்பார்கள். லிம்போமாக் கலங்கள் அந்த மருந்துக்குச் சில நாட்களிலேயே சுருங்கும். கட்டி சிறிதாகும், நோயாளர் மகிழ்வார், பின்னர் அது திரும்பி வரும். இடையில் எடுத்த பயொப்சியில் எதுவும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். எனவே நோயின் பெயர் உறுதியாகும் வரை ஸ்ரீரொயிட் தவிர்க்கப்பட வேண்டும். ஏற்கெனவே எடுத்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பயொப்சியும் அதற்குப் பிறகும்

தட்டுப்படும் கணுவை முழுதாக எடுப்பது சிறிய சத்திரசிகிச்சை. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்துச் செய்வார்கள். கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். லிம்போமாவில் அது உண்மையல்ல. பயொப்சி எடுக்காமல் விடுவதால்தான் நோய் பரவுகிறது.

நோயியல் நிபுணர் இழையத்தை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமிட்டுப் பார்ப்பார். லிம்போமா என்று தெரிந்தால் அடுத்தது நிர்ப்பீடன சாயப் பரிசோதனை. கலத்தின் மேற்பரப்பில் எந்தப் புரதம் இருக்கிறது என்பதை அது காட்டும். சிடி20 என்ற புரதம் இருந்தால் பி கல வகை என்றும், சிடி15, சிடி30 இருந்தால் ஹொட்ஜ்கின் வகை என்றும் பெரும்பாலும் முடிவுக்கு வரலாம். முதல் அறிக்கைக்குப் பிறகு இதற்கு மேலும் நாட்கள் எடுக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் களைத்துப் போகிறார்கள். அறிக்கை வந்துவிட்டதா என்று தொடர்ந்து விசாரித்துக்கொண்டிருப்பது வீட்டில் ஒருவரின் வேலையாக இருக்கட்டும்.

வகை தெரிந்த பின் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். கழுத்து முதல் இடுப்பு வரை சி.ரி. ஸ்கான், வசதி உள்ள இடத்தில் பெற் ஸ்கான், சிலருக்கு என்பு மச்சைப் பரிசோதனை. இரத்தத்தில் எல்.டி.எச். அளவு, ஈரல், சிறுநீரகச் செயற்பாடு, எச்.ஐ.வி., ஹெபரைற்றிஸ் பி ஆகியன பார்க்கப்படும். எச்.ஐ.வி. பரிசோதனை கேட்டால் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எல்லோருக்கும் செய்வதுதான். ஹெபரைற்றிஸ் பி உறங்கிக் கிடந்தால் சிகிச்சை அதை எழுப்பிவிடலாம். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து ஒன்று கொடுக்கப்படுவதால் எக்கோ பரிசோதனையும் தேவை.

இந்நோய்க்கு நான்கு நிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒரு இடத்துக் கணுக்கள் மட்டும் என்றால் முதலாம் நிலை. உதரவிதானத்தின் ஒரே பக்கத்தில் இரண்டு அல்லது மேற்பட்ட இடங்கள் என்றால் இரண்டாம் நிலை. மேலும் கீழும் இரு பக்கத்திலும் என்றால் மூன்றாம் நிலை. என்பு மச்சை, ஈரல் போன்றவற்றுக்குப் பரவியிருந்தால் நான்காம் நிலை.

மாமாவின் அறிக்கையில் மூன்றாம் நிலை என்று இருந்ததைப் பார்த்து வீட்டில் அழுகை. மார்பகம், நுரையீரல் போன்ற புற்றுநோய்களில் நான்காம் நிலை என்பதன் பொருள் வேறு. லிம்போமாவில் அப்படியல்ல. கலங்கள் இயல்பாகவே உடல் முழுக்கச் சுற்றுபவை, மருந்தும் உடல் முழுக்கச் செல்வது. நான்காம் நிலையில் வந்தவர்களும் குணமாகிறார்கள். முன்னதாக வந்தால் வாய்ப்புக் கூடும், சிகிச்சையின் கடுமையும் குறையலாம்.

பட்டிப்பூவிலிருந்து வந்த மருந்து

புற்றுநோய்க்கு மருந்தேற்றுதல் என்ற முறையே லிம்போமாவில்தான் தொடங்கியது. போரில் கடுகு வாயு பட்டவர்களின் வெண்குருதிக் கலங்கள் அழிந்துபோனதைக் கண்ட ஆய்வாளர்கள், 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அதே குடும்பத்து இரசாயனம் ஒன்றை லிம்போமா நோயாளர் ஒருவருக்கு ஏற்றினார்கள். கட்டிகள் கரைந்தன, ஆனால் திரும்பி வந்தன. ஒரு மருந்தால் முடியாததைப் பல மருந்துகள் சேர்ந்து செய்யும் என்பது 1960களில் தெரியவந்தது.

எங்கள் வளவுகளிலும் சவக்காலை ஓரங்களிலும் பூக்கும் பட்டிப்பூவுக்கு இதில் ஒரு பங்குண்டு. நித்தியகல்யாணி என்றும் அதைச் சொல்வார்கள். சலரோகத்துக்கு நல்லதா என்று அறிய அந்த இலைகளை ஆராய்ந்த கனேடிய ஆய்வாளர்கள், அதன் சாறு வெண்குருதிக் கலங்களைக் குறைப்பதை 1950களில் கண்டார்கள். அதிலிருந்து வந்தவைதான் வின்பிளாஸ்ரின், வின்கிறிஸ்ரின் என்ற இரு மருந்துகள். இரண்டும் இன்றும் லிம்போமாச் சிகிச்சையில் உள்ளன. ஆனால் இலையை அவித்துக் குடிப்பதால் பயனில்லை. ஒரு கிராம் வின்கிறிஸ்ரினுக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். கூடவே இருக்கும் ஏனைய நச்சுப் பொருட்கள் உடலைக் கெடுக்கும்.

பரந்த பெருங்கல லிம்போமாவுக்கு உலகெங்கும் கொடுக்கப்படும் அடிப்படைச் சிகிச்சை ஆர்-சொப். இதில் ஐந்து மருந்துகள் உண்டு: ரிற்றுக்சிமாப், சைக்ளோபொஸ்பமைட், டொக்சோருபிசின், வின்கிறிஸ்ரின், பிரெட்னிசொலோன். வழக்கமாக 21 நாட்களுக்கு ஒரு முறை, ஆறு முறை. ரிற்றுக்சிமாப் என்பது சிடி20 புரதத்தைத் தேடிப் பிடிக்கும் பிறபொருளெதிரி. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து வந்த பின் குணமாவோர் தொகை கூடியது. இன்று இச்சிகிச்சையால் இவ்வகையினரில் பத்தில் ஆறு பேரளவில் குணமாகிறார்கள்.

ஹொட்ஜ்கின் லிம்போமாவுக்கு நீண்ட காலமாகக் கொடுக்கப்படுவது ஏபிவிடி. இத்தாலியின் மிலான் நகரில் 1970களில் உருவான நான்கு மருந்துக் கூட்டு அது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஏற்றப்படும். சிலருக்குக் கதிர்ச்சிகிச்சையும் சேரும். ஆரம்ப நிலையில் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் குணமாகிறார்கள்.

மெதுவாக வளரும் வகைகளில், தொந்தரவு இல்லாத நோயாளருக்கு உடனே மருந்து கொடுக்காமல் கண்காணிப்பதும் ஒரு முறை. கைவிட்டுவிட்டார்கள் என்று அதற்குப் பொருளல்ல. இரைப்பையில் வரும் ஒருவகை லிம்போமா, அங்குள்ள கிருமிக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தாலே பலருக்கு மறைந்துவிடும். நோய் திரும்பியவர்களுக்குக் கடுமையான மருந்தும், அவர்களது சொந்த மூலக்கலங்களைச் சேமித்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சையும் உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியவை

மருந்தேற்றிய மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது டொக்சோருபிசினின் நிறம், இரத்தமல்ல. தலைமயிர் உதிரும், திரும்ப முளைக்கும். வாய் புண்ணாகும், கால் விரல்கள் விறைக்கும், மலச்சிக்கல் வரும். பிரெட்னிசொலோன் எடுக்கும் ஐந்து நாட்களும் சலரோகம் உள்ளவர்களுக்குச் சீனி ஏறும்.

உயிருக்கு ஆபத்தானது ஒன்று உண்டு, அது காய்ச்சல். மருந்தேற்றிய ஒன்று இரண்டு கிழமைகளில் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறையும். அந்த நாட்களில் வரும் சாதாரணக் கிருமியும் சில மணித்தியாலங்களில் உயிரைப் பறிக்கலாம். வெப்பமானி ஒன்றை வாங்கி வையுங்கள். 38 பாகையைத் தொட்டால் பனடோல் போட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போய், கிளினிக் கொப்பியைக் காட்டி, கீமோ ஏற்றும் நோயாளர் என்று முதலிலேயே சொல்லுங்கள். தெல்லிப்பளைக்கோ மஹரகமவுக்கோ ஓடத் தேவையில்லை. முதல் ஊசி வவுனியாவிலேயே போடப்படலாம்.

பிள்ளை பெற விரும்பும் இளம் வயதினர், முதல் மருந்துக்கு முன்பே அதைப் பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும். பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கலாம்.

லிம்போமா தொற்றாது. ஒரே கோப்பையில் சாப்பிடலாம், பிள்ளைகளைத் தூக்கலாம். பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் இல்லை. மாமாவுக்கு நோய் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் பேசப்பட்டது கலியாணம் பேசியிருந்த மகளைப் பற்றித்தான். வெளியில் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதனால் முதல் இரண்டு முறையும் மாமி தனியாகவே அவரைக் கூட்டிக்கொண்டு போனா. ஊருக்குத் தெரிந்த பிறகுதான் வாகனம் கிடைத்தது, வயலைப் பார்க்க ஆள் கிடைத்தது. கலியாணமும் குழம்பவில்லை.

ஏ9 வீதியின் இரு முனைகள்

2002 போர்நிறுத்தத்துக்குப் பின் ஓமந்தை என்றால் நினைவுக்கு வந்தது சோதனைச்சாவடி. வன்னிக்குள் இருந்து பெரிய வைத்தியசாலைக்கு வர வேண்டிய நோயாளர், செஞ்சிலுவைச் சங்கம் நின்ற அந்தக் கடவையைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. இன்று அந்தச் சாவடி இல்லை. தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஓமந்தையிலிருந்து தெல்லிப்பளை ஏறத்தாழ 140 கிலோமீற்றர். மஹரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலை 250 கிலோமீற்றருக்கு மேல்.

தெல்லிப்பளை புற்றுநோய் வைத்தியசாலை உருவான விதம் நினைவில் வைக்கத் தக்கது. 2011 ஜூலையில் ஒரு குழுவினர் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்தே கடந்து நிதி திரட்டினார்கள். "ட்ரெயில்" என்ற அந்த நடைபயணத்தின் பணத்தில் எழுந்த வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. அபேக்ஷா வைத்தியசாலைக்குப் பெற் ஸ்கான் இயந்திரம் வாங்கவும் 2016இல் கதீஜா மன்றம் பொதுமக்களிடம் நாடளாவிய நிதி சேகரிப்பை நடத்தியது. இந்த வசதிகளுக்குப் பின்னால் சாதாரண சனங்களின் காசு இருக்கிறது. அவற்றைப் பயன்படுத்தத் தயங்கத் தேவையில்லை.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும் பயணம், தங்குமிடம், உழைப்பிழப்பு இலவசமல்ல. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வெளியில் வாங்கி வரும் செலவும் பல குடும்பங்களின் தலையில் விழுந்தது. மஹரகமவுக்குப் போவோருக்கு மொழியும் ஒரு தடை. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது.

இந்தச் சுமையால் இடையில் நிறுத்துவோரும் உண்டு. இரண்டாம் மூன்றாம் முறை மருந்தோடு கட்டிகள் கைக்குத் தட்டுப்படாமல் போய்விடும். சுகமாகிவிட்டது என்று தோன்றும். காலபோக விதைப்பு தொடங்கிவிடும், நாலாவது முறைக்குப் போகாமல் விட்டுவிடுவார்கள். களை பிடுங்கும்போது வேரோடு வராவிட்டால் அது திரும்ப முளைக்கும் என்று கமக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படித் திரும்பி வரும் லிம்போமா முதல் மருந்துக்கு மசிவது கடினம். நேரத்துக்கு ஏற்றுவதும் மருந்தின் ஒரு பகுதிதான். ஒரு திகதிக்குப் போக முடியாவிட்டால் கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லி அடுத்த திகதி எடுங்கள்.

மருந்தடித்ததால் வந்ததா?

வன்னியில் கமம் செய்யும் எவரும் கேட்கும் கேள்வி இது. ஒரு தனி மனிதருக்கு ஏன் லிம்போமா வந்தது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. எப்ஸ்ரீன்-பார் வைரஸ், எச்.ஐ.வி., ஹெபரைற்றிஸ் சி போன்ற தொற்றுகளும், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளும் சில வகைகளோடு தொடர்புடையவை.

பூச்சிகொல்லிகளைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் 2015இல் லின்டேன் என்ற பூச்சிகொல்லியை ஹொட்ஜ்கின் அல்லாத லிம்போமாவை உண்டாக்கும் பொருளாக உறுதியாக வகைப்படுத்தியது. அதே ஆண்டு கிளைபோசேற் களைகொல்லியையும் மலத்தியனையும் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனால் மனிதரில் லிம்போமாவுக்கான சான்று மட்டுப்பட்டது என்றும் சொன்னது. அமெரிக்காவின் சூழல் பாதுகாப்பு முகவரகம் கிளைபோசேற் பற்றி இதற்கு மாறான முடிவுக்கு வந்தது. லிம்போமா வந்த பாடசாலைத் தோட்டப் பராமரிப்பாளர் டிவெய்ன் ஜோன்சனின் வழக்கில் 2018இல் கலிபோர்னிய யூரிமார் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தார்கள். இலங்கை 2015இல் சிறுநீரக நோயைக் காரணம் காட்டி கிளைபோசேற்றைத் தடை செய்து, பின்னர் தளர்த்தியது.

விவாதம் முடியும்வரை கமக்காரர் காத்திருக்கத் தேவையில்லை. முழுக்கைச் சட்டை, கையுறை, முகமறைப்போடு அடிப்பது, காற்றுக்கு எதிரே நிற்காதது, வேலை முடிந்ததும் குளித்துவிட்டு உடுப்பைத் தனியாகத் தோய்ப்பது, வெற்றுப் போத்தலில் தண்ணீர் வைக்காதது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

வைத்தியரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

- இந்தக் கட்டி என்னவென்று உறுதியாகத் தெரியுமா, சந்தேகத்தின் பேரில் மருந்தா?
- எத்தனை கிழமையில் குறைய வேண்டும்? குறையாவிட்டால் அடுத்து என்ன?
- கணுவை முழுதாக எடுத்துப் பார்க்க முடியுமா?
- லிம்போமா என்றால் எந்த வகை, எந்த நிலை?
- நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா?
- காய்ச்சல் வந்தால் எங்கே போவது, யாருக்குச் சொல்வது?

அறிக்கைகள், ஸ்கான் படங்கள், டயக்னோசிஸ் கார்ட் அனைத்தையும் ஒரே உறையில் வைத்திருங்கள். ஒவ்வொன்றிலும் பிரதி எடுத்து இன்னொருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

மாமாவுக்குத் தெல்லிப்பளையில் ஆறு முறை மருந்தேற்றி முடிந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டது. அவருக்கு வந்த வகை திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் திரும்பும் என்பதால், அந்தத் திகதியைக் கடந்த அன்று வீட்டில் பொங்கினார்கள். இன்னும் கிளினிக்குக்குப் போய் வருகிறார். சென்ற மாதம் பக்கத்து வளவுப் பொடியன் ஒருவன் கழுத்தில் கட்டி என்று வந்து காட்டினான். மாமா தொட்டுப் பார்த்துவிட்டு, எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். ஒன்றரை மாதம் என்றான். அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் மாமாவே அவனைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார்.